மணமகள் அறைக்கு மேலே ஐயாயிரம் லிட்டர்

கோச்சடை தாண்டி மேலக்கால் போகும் ரோட்டில், ரோட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. இப்போது அது கல்யாண மண்டபம். பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சீரியல் பல்புகளும் தெர்மாகோல் வளைவும்தான் தெரியும். உள்ளே இருக்கிற இரண்டடிக் கனச் சுவரும், தேக்கு உத்தரங்களும், அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பு போட்டு இழுத்த தளமும் தெரியாது. எனக்கு அந்த வீட்டில் கண்ணில் படுவதே அதுதான். யாராவது கூடத்துக்குள் நுழைந்தால் மேடையைப் பார்ப்பார்கள். நான் கூரையைப் பார்ப்பேன்.

கட்டியவன் பஞ்சு வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரன் என்பார்கள். பெயர் யாருக்கும் தெரியவில்லை. அவன் ஊரில் எப்படி வீடு கட்டுவார்களோ அப்படியே இங்கேயும் கட்டியிருக்கிறான். தெற்கே ரோட்டைப் பார்த்து, வண்டி உள்ளே வந்து நிற்கிற மாதிரி நாலு தூண் வைத்த முகப்பு. நடுவில் பெரிய கூடம். நாலு மூலைக்கு நாலு அறை. வடக்கே ஆற்றுக் காற்று வாங்க நீள வராந்தா. கூடத்துச் சுவரில் குளிர் காய ஒரு கணப்பு அடுப்பு. சித்திரையில் தார் ரோடு உருகுகிற ஊரில் அவன் எதற்கு அதைக் கட்டினான் என்று தெரியவில்லை. அதில் கரி பிடித்த அடையாளமே கிடையாது. ஒருநாள்கூட மூட்டியிருக்க மாட்டான்.

கிழக்குப் பக்கம் குளியலறைகள். அவற்றுக்கு வெளியிலிருந்து ஒரு சின்னக் கதவு. குனிந்துதான் நுழைய வேண்டும். கழுவ வருகிறவர்கள் வீட்டுக்குள் நடக்காமல் அப்படியே வந்து அப்படியே போவதற்காக வைத்தது. வெள்ளைக்காரன் போன பிறகு ஒரு மில் ஆபீசர் குடியிருந்தார். அப்போது என் அம்மா அந்தக் கதவு வழியாகத்தான் போய்க் கூட்டிப் பெருக்கினாள். முகப்புப் படியில் அவள் கால் வைத்ததில்லை. வைக்கக் கூடாது என்று யாரும் எழுதிப் போடவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆபீசரும் போனார். வீடு பள்ளிக்கூடம் ஆயிற்று. நான் முகப்பு வழியாகவே உள்ளே போனேன், பையைத் தூக்கிக்கொண்டு. கணப்பு அடுப்புக்குள் சாக்பீஸ் பெட்டியும் கிழிந்த தேசப்படங்களும் இருந்தன. எட்டாம் வகுப்பு தென்மேற்கு மூலை அறையில். அங்கே இருக்கும்போதுதான் ஒரு இன்ஜினியர் வந்தார். ஸ்டூல் ஆடாமல் பிடிக்க என்னை நிற்க வைத்தார்கள். அவர் மேலே ஏறி, உத்தரம் சுவருக்குள் போகிற இடத்தில் திருப்புளியால் குத்தினார். டீத்தூள் மாதிரி என் தலையில் கொட்டியது. அவர் கீழே இறங்கித் தலைமையாசிரியரிடம் சொன்னார்:

"நடுவுல நல்லாத்தான் இருக்கு சார். முனைதான் போச்சு. மேல பாரம் ஏத்தாத வரைக்கும் நிக்கும்."

அந்த ஒரு வாக்கியம் என் காதுக்குள் உட்கார்ந்துவிட்டது. அதற்கு முன்னாலும் நான் பயந்தவன்தான். பஸ் ஏறினால் டிக்கெட் இருக்கிறதா என்று இறங்குகிறவரை தொட்டுப் பார்ப்பேன். ஆனால் அன்றைக்குத்தான் என் பயத்துக்குப் பெரிய மனிதர் ஒருவர் சாட்சி சொன்னார்.

கட்டடம் சரியில்லை என்று பள்ளிக்கூடத்தைத் தூரத்தில் ஒரு கான்கிரீட் கட்டடத்துக்கு மாற்றினார்கள். நடந்தால் ஒரு மணி நேரம். "கதிரறுக்க ஆளில்ல, நீ எங்கடா ஊரச் சுத்தி நடக்குற?" என்றார் அப்பா. நானும் போகவில்லை. என் படிப்பு அந்த உத்தரத்தோடு முடிந்தது.

அப்புறம் அது உரக் கிட்டங்கி. நான் அங்கேயே மூட்டை தூக்கினேன். யூரியா உப்பு தரையைத் தின்றது, சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பூச்சை உதிர்த்தது. லாரிகள் பின்னால் வந்து முகப்புத் தூண்களை இடித்து இடித்து, இரண்டு தூண்களுக்குக் கணுக்கால் தேய்ந்துபோயிற்று. கணப்பு அடுப்புக்குள் நாங்கள் தூக்குச்சட்டிகளை வைத்துக்கொண்டோம். எறும்பு வராது. எல்லாப் பாரமும் தரையில்தான் இருந்தது என்பதால் எனக்கு அந்த வருடங்கள் நிம்மதியாகப் போயின. கிட்டங்கி மூடியபின் வௌவால்கள் கொஞ்ச காலம் இருந்தன.

பிறகு அதை வாங்கியவர் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவர். நாலு தலைமுறையாக வயல் வைத்திருந்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகம். இப்போது நான் "அண்ணே" என்பேன். அவர் என்னை "வாடா" என்பார். வயதில் நான் மூத்தவன். மோசமான ஆள் இல்லை. மண்டபத்தில் மோட்டார் போட, ஜெனரேட்டர் பார்க்க, வாட்ச்மேனாக இருக்க என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர்தான்.

மண்டபமாக்கும் முன்னால் வாஸ்துக்காரர் ஒருவர் வந்து காம்பஸை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். தெற்கு வாசல் ஆகவே ஆகாது, அடைத்துவிடு என்றார். அடைத்தார்கள். வெள்ளைக்காரனின் வண்டி வந்து நின்ற முகப்பில் ஜெனரேட்டர் நின்றது. கிழக்கே வாசல் திற என்றார். கிழக்கே இருந்தவை குளியலறைகள். அவற்றை இடித்தார்கள். அந்தக் குனிந்து நுழைகிற கதவு இருந்த இடத்தில்தான் இன்றைக்குப் பன்னீர் தெளிக்கிற வாசல் இருக்கிறது. பட்டுப்புடவையும் கல் மாலையுமாக ஊரே அது வழியாகத்தான் உள்ளே போகிறது. அதைப் பார்க்க என் அம்மா உயிரோடு இல்லை. பார்த்திருந்தாலும் அவள் சிரித்திருப்பாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக வாஸ்துக்காரர் தென்மேற்கைக் காட்டினார். "இது கன்னி மூலை. ஒசரமாவும் கனமாவும் இருக்கணும். மேல்நிலைத் தொட்டிய இங்க ஏத்துங்க. கீழ இருக்க ரூமு மணமகள் ரூமு."

ஐயாயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். நான் முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஒரு வார்த்த. அந்த உத்தரம் முனை இத்துப்போச்சுண்ணே. பாரம் ஏத்தக்கூடாதுன்னு அப்பவே இன்ஜினியர் சொன்னாரு."

"எப்ப?"

"நாம படிக்கையில."

அவர் சிரித்தார். "அந்த இன்ஜினியரே இந்நேரம் போய்ச் சேந்துருப்பாரு. உத்தரம் நிக்குதுல்ல? ஒனக்குப் பயப்பட ஏதாச்சும் வேணும்டா. தொட்டி இல்லேன்னா வானம் விழும்னு சொல்லுவ."

ஏசி போட்டபோது, கூரையை ஒட்டி வெள்ளைக்காரன் வைத்திருந்த காற்றுத் துவாரங்களையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். மரத்தின் முனைக்குக் காற்றுப் படுவதற்கு இருந்த வழி அதுதான். அதையும் சொன்னேன். "போய் மோட்டாரப் போடு" என்றார்.

போட்டேன். ஆனால் ஒரு காரியம் செய்தேன். தொட்டியை ஒருநாளும் பாதிக்கு மேல் நிரப்பவில்லை. முகூர்த்த நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மொட்டைமாடிக்கு ஏறி, மூடியைத் திறந்து பார்த்து, குறைந்தால் போட்டு, பாதி வந்ததும் நிறுத்துவேன். ஒரு கல்யாணத்துக்குப் பத்துத் தடவை படி ஏறி இறங்குவேன். முட்டி வலிக்கும். யாரிடமும் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது. அந்த அறையில் உட்கார்ந்து அலங்காரம் செய்துகொண்ட பெண்களுக்கெல்லாம் தெரியாமல் ஒருவன் அவர்கள் தலைக்கு மேல் பாரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தான் என்று நினைத்து, எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் மகளுக்குச் சம்பந்தம் அமைந்தது. செல்லூர் மாப்பிள்ளை. எங்கள் ஆட்கள்தான். மண்டபத்தை முதலாளி சும்மாவே கொடுத்தார். "ஒன் மகளுக்கு நான் செய்யுற மொய்யின்னு வச்சுக்க" என்றார். எங்கள் தெருவில் அதுவரை கல்யாணம் என்றால் காளியம்மன் கோயில் வாசல், சாமியானாப் பந்தல். ஏசி மண்டபத்தில் நடக்கப்போகிற முதல் கல்யாணம் என் மகளுடையது. என் மனைவி பத்திரிகை வைக்கப் போன வீடுகளிலெல்லாம் மண்டபத்தின் பெயரை இரண்டு தரம் சொன்னாள்.

பெண்ணைப் பெற்றவன் வேட்டி கட்டி வாசலில் நிற்க வேண்டும், மோட்டார் பார்க்க முடியாது. அன்றைக்கு மட்டும் டவுனிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை முதலாளி வரவழைத்திருந்தார். அந்தப் பையனிடம், "பாதிக்கு மேல போடாத தம்பி" என்று மூன்று முறை சொன்னேன். "சரிண்ணே, சரிண்ணே" என்றான். காலையில் ஏழு மணிக்கு மொட்டைமாடிக் குழாயிலிருந்து தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. தொட்டி வாய்வரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

மணமகள் அறைக்குப் போனேன். ஏழெட்டுப் பெண்கள் அவளைச் சுற்றி. என் தங்கச்சி ஜடை வைத்துக்கொண்டிருந்தாள். மகளின் அரக்குப் பட்டில், மடியில், வெள்ளையாகத் தூள் சிந்தியிருந்தது. குனிந்து விரலில் தொட்டேன். மேலே பார்த்தேன். உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவில் முடி மாதிரி ஒரு கோடு. நேற்று இருந்ததா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"இந்தா, பிள்ளைய வேற ரூமுக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன் மனைவியிடம்.

"எதுக்கு?"

"தூள் விழுகுது."

அவள் என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். "இன்னைக்கு ஒருநாளு, ஒரே ஒருநாளு வாயப் பொத்திக்கிட்டு இரு. மத்த ரூம்ல அவுக ஆளுக இருக்காக. ஜோடிச்ச பிள்ளைய எந்திரிச்சு நடக்கவிடவா? சகுனம் என்னத்துக்காகும்?"

நான் மாடிக்கு ஏறினேன். தொட்டியின் கழிவு வால்வைத் திறந்து, ஹோஸை ஆற்றுப் பக்கம் தொங்கவிட்டேன். பாதி வந்ததும் மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் கீழே மேளம் ஆரம்பித்துவிட்டது, பெண்ணின் அப்பாவைக் கூப்பிடு என்று ஆள் வந்துவிட்டது. மூடிவிட்டு இறங்கினால் அந்தப் பையன் மறுபடியும் நிரப்புவான். இறங்குகிற வழியில் மோட்டார் ரூமில் பீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். வால்வை மூடவில்லை. மறந்தேன் என்று அப்போது சொன்னேன். மறக்கவில்லை. திறந்தே இருக்கட்டும், கடைசிச் சொட்டுவரை போகட்டும் என்று நினைத்தேன்.

தாலி கட்டுகிற நேரத்தில் எல்லாரும் அட்சதை போட்டார்கள். நான் கூடத்திலிருந்து அந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று இருந்தது.

முதல் பந்தி எழுந்தது. வடக்கு வராந்தாவில் வரிசையாகப் பன்னிரண்டு குழாய். ஒன்றிலும் தண்ணீர் இல்லை. காற்றுத்தான் வந்தது. சமையல் மாஸ்டர் ஓடி வந்தார். "அண்ணே, உலைக்குத் தண்ணியில்லண்ணே, ரெண்டாம் பந்திக்குச் சோறு என்ன பண்றது?" மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் சாம்பார்க் கையோடு நின்று கேலி பேசினார்கள்.

"மாப்ள, மண்டபம் ஏசியாம். கை கழுவ ஆத்துக்குப் போகணுமாம்."

"ஆத்துல மட்டும் ஓடுதாக்கும்! தொடச்சுக்க, ஒஞ்சட்டையிலயே."

பக்கத்துத் தென்னந்தோப்பில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. நானும் என் மச்சானும் பிளாஸ்டிக் குடங்களில் தூக்கி வந்தோம். பாதி சமையலுக்குப் போயிற்று. மீதியை வராந்தாவில் வைத்து, நானே சொம்பில் மொண்டு, ஒவ்வொருத்தர் கையிலும் ஊற்றினேன். வராந்தா மேடு. தோட்டத்தில் இறங்கி நின்றவர்கள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்கள். நான் மேலே நின்று ஊற்றினேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா வரிசையில் வந்தார். எழுபது வயது இருக்கும். கையை நீட்டியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஊற்றப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் சம்பந்தி."

"இல்ல மாமா, இந்தா நல்ல தண்ணி..."

"நல்ல தண்ணிதான். எங்கய்யா களையெடுக்கப் போன எடத்துல இப்பிடித்தான் கீழ குனிஞ்சு ரெண்டு கையையும் ஏந்துவாரு. சொம்பு படாம ஒசரத்துல இருந்து ஊத்துவாய்ங்க. நானும் சின்னதுல ஏந்திருக்கேன். அந்தச் சோலியெல்லாம் முடிஞ்சு போச்சுன்னுதான் இன்னைக்கு மண்டபத்துக்கு வந்தேன்."

தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சொம்பை நான் கீழே வைத்தேனா, கையிலேயே வைத்திருந்தேனா, அது ஞாபகத்தில் இல்லை. அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருத்தராக விலகினார்கள்.

அதற்குள் மோட்டார் ரூமில் பீஸ் கட்டையைக் காணோம் என்று அந்தப் பையன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். முதலாளி வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருடமாக என்னைத் தெரியும் அல்லவா. கையை நீட்டினார். இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சம்பந்தி வீட்டார் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"ஒம் மக கல்யாணத்துக்கு நீயே தண்ணிய அத்துவிட்டியாடா?" என்றார். கோபம்கூட இல்லை. புரியாமல் கேட்டார்.

நான் கூரையைப் பற்றிச் சொன்னேன். உத்தரம், முனை, ஐயாயிரம் லிட்டர், ஐந்து டன் பாரம், எல்லாம் சொன்னேன். மணமகள் அறைக்குப் போய் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் கோட்டைக் காட்டினேன். "இதுவா?" என்றார் ஒருவர். "எங்க வீட்டுல இதவிடப் பெருசா இருக்கு." யாரோ சிரித்தார்கள். என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

அடுத்த வாரம் வேறு ஆள் மோட்டாருக்கு வந்தான். யாரும் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நானாகத்தான் வேலைக்குப் போகவில்லை. அடுத்த சீசனுக்குள் அந்த அறையில் வெள்ளைப் பலகை வைத்துப் பால்ஸ் சீலிங் அடித்துவிட்டார்கள். சின்னச் சின்ன விளக்குகள் பதித்து. இனிமேல் உத்தரத்தைக் கீழே இருந்து பார்க்க முடியாது. தூள் விழுந்தாலும் பலகைக்கு மேலேதான் சேரும். தொட்டியில் எவ்வளவு நிரப்புகிறார்கள் என்று கேட்டேன். "ஃபுல்லாத்தான்ணே, ஆட்டோமேட்டிக் போட்டாச்சு" என்றான் புது ஆள்.

மகள் செல்லூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை விசைத்தறி ஓட்டுகிறார். தங்கமானவர், அவர் ஒன்றும் சொல்வதில்லை. அந்தச் சந்தில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். வராத நாளில் அவள் மாமியார், "ஒங்கப்பாவுக்குப் போனப் போடு. எங்குட்டாச்சும் தொறந்துவிட்டுருப்பாரு" என்பார்களாம். இது என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகளின் குழந்தைக்குப் பெயர் வைக்கிற விசேஷத்துக்கு அந்தப் பெரியப்பா வந்தார். எங்கள் பக்கத்தில் யாரிடமும் தண்ணீர் வாங்கவில்லை. கையிலேயே ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தார்.

போன ஆடிக்கு மகள் வந்திருந்தாள். குழந்தை தூங்கியது. நானும் அவளும் மட்டும் இருந்தோம்.

"யப்பா, ஒன்னு கேக்கவா? கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"அன்னைக்கு எம் மடியில கெடந்தது சுண்ணாம்புதானா?"

"பின்ன?"

"இல்ல... நீ வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி அத்த பவுடர் டப்பாவத் தட்டிவிட்டுருச்சு. அதத்தான் எல்லாரும் ஊதிவிட்டுக்கிட்டு இருந்தோம்."

நான் விரலில் தொட்டதை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். சுண்ணாம்பென்றால் நறநறவென்று இருந்திருக்கும். பவுடரென்றால் வழுவழுவென்று இருந்திருக்கும், வாசனை அடித்திருக்கும். அன்றைக்கு அறை முழுக்க வாசனைதான். விரலில் எப்படி இருந்தது என்பது மட்டும் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

"நீ பயந்து போயிருந்தப்பா. எல்லாருமா ஒன்னையப் பேசிக்கிட்டு இருக்காக. நானும் சேந்து பேசவா?" என்றவள், "அந்தக் கூரை விழுந்துருந்தாலாச்சும் நான் அவுகளுக்குப் பதில் சொல்லிருப்பேன்" என்றாள்.

இப்போது எனக்கு ஒரு அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை. தினமும் அந்த ரோட்டில்தான் பஸ். ஆற்றுப் பக்கத்து ஜன்னலோரம் கிடைக்குமா என்று பார்த்துத்தான் ஏறுகிறேன். மண்டபம் வந்ததும் தென்மேற்கு மூலையைப் பார்ப்பேன். தொட்டி நிற்கும். முன்பெல்லாம் நிற்கிறதைப் பார்த்தால் மூச்சு வரும். இப்போது நிற்கிறதைப் பார்த்தால், இன்றைக்கும் விழவில்லையா என்று இருக்கிறது. நினைத்து முடித்த பிறகுதான் வாசலில் வாழைமரம் கட்டியிருப்பது கண்ணில் படுகிறது. உள்ளே, அந்த அறையில், எவளோ ஒரு பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். அதற்குள் பஸ் கடந்துவிடுகிறது.